‘முந்தி நல்லாயிருந்துச்சு’: இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வாய்?

தங்கச்சி,

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு போன் போட்டு, "அக்கா, ஒரே ஒரு வரிதான். அதுலயே ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்கேன்" என்றாய். பேட்டிகளைக் கேட்டு இங்கிலீஷில் எழுதித் தரும் வேலை உனக்குப் புதிது, எனக்குப் பதினாலு வருஷப் பழக்கம். போனில் பாதிதான் சொன்னேன், அதற்குள் உன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். நம் ஆண்டிபட்டிப் பக்கத்தில் இந்த வேலைக்கு வருகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

நீ சிக்கிய வரி: "முந்தி நல்லாயிருந்துச்சு."

"இட் வாஸ் குட் பிஃபோர்" என்று எழுதிவிட்டு மனசு ஒப்பாமல் என்னைக் கூப்பிட்டாய். ஒப்பாததுதான் சரி. பேசுகிறவர் சக்கம்பட்டித் தறிக்காரர். அவர் வாயில் ‘முந்தி’ என்பது முன்காலமாகவும் இருக்கலாம், சேலை முந்தியாகவும் இருக்கலாம். அடுத்து என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதான் கடைக்காரரு பார்த்ததும் எடுத்துக்கிட்டாரு" என்று வாசித்தாய். தீர்ந்தது. அவர் பழைய காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடவில்லை. முந்தானை நன்றாக விழுந்திருந்தது என்கிறார். "இப்ப நூல் விலை ஏறிப்போச்சு" என்று தொடர்ந்திருந்தால் "திங்ஸ் யூஸ்ட் டு பி பெட்டர்" என்று எழுதலாம்.

முந்தானைக்கு இங்கிலீஷில் ‘பல்லு’ என்று இந்தியாவில் எழுதுகிறார்கள். நம் காதுக்கு அது வாய்க்குள் இருக்கிற பல். வெளிநாட்டு வாசகருக்கு ஒன்றுமே இல்லை. முதல் தடவை வரும்போது ‘சேலையின் அலங்கார நுனி’ என்று பொருள்படும்படி நாலு வார்த்தையில் விளக்கிவிடு, அப்புறம் ‘பல்லு’ என்றே போ.

இதிலிருந்து என் முதல் பழக்கத்தைச் சொல்கிறேன். அடுத்த வரியைக் கேட்காமல் இந்த வரியை எழுதாதே. பேட்டி ஒரு மணி நேரம் என்றால், கீபோர்டில் கை வைக்காமல் ஒரு மணி நேரமும் முழுசாகக் கேள். அம்மா முருங்கைக்காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்கூடப் போதும். அந்த ஒரு மணி நேரம் வீண் என்று உனக்குத் தோன்றும். முதல் இரண்டு வருஷம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்போது செய்த தப்புகளைத் திருத்திய நேரத்தைக் கூட்டினால் ஒரு டிகிரி முடித்திருப்பேன்.

மெஷினில் போட்டுப் பார்க்கலாமே என்பாய். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் வந்தது 2011-ல். அன்றைக்கு இருந்ததற்கு இன்றைக்கு எவ்வளவோ தேவலை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒற்றை வரியைப் பிய்த்துக் கொடுத்தால் அதுவும் ஊகிக்கத்தான் செய்யும். சக்கம்பட்டியில் தறி ஓடுகிற சத்தம் அதற்குக் கேட்காது.

அடுத்து, ஆள் விஷயம். இதில்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தமிழில் ஆளைச் சொல்லாமலே நாள் முழுக்கப் பேசலாம். "வந்தாங்க, பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல, போயிட்டாங்க." யார் வந்தது? மாமியாரா, கடன் கொடுத்த நாலு பேரா, கணக்கெடுக்க வந்த டீச்சரா? மரியாதைக்குச் சொன்னாலும் ‘ஆங்க’, கூட்டமாக வந்தாலும் ‘ஆங்க’. இங்கிலீஷ் வாக்கியமோ ‘ஷீ’யா ‘தே’யா என்று கேட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்கும். நான் செய்வது இதுதான்: தமிழில் தட்டச்சு செய்த பிரதியில், ஒவ்வொரு வினைச்சொல்லுக்கு மேலும் பென்சிலால் ஆள் பெயரை எழுதிவிடுவேன். எழுத முடியாத இடத்தில் கேள்விக்குறி. எல்லாம் முடிந்த பிறகு கேள்விக்குறிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பேட்டி எடுத்தவருக்குப் போன் போடுவேன். பேட்டி எடுத்தவருக்கும் தெரியவில்லை என்றால் ‘தே’ என்று எழுதுவேன். இங்கிலீஷில் ‘தே’ ஒரு ஆளுக்கும் ஆகும், நாலு பேருக்கும் ஆகும். அந்த இடத்தில் அதுதான் நேர்மை.

இது நம் தமிழுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்காதே. ஸ்பானிஷிலும் வினையோடு ஆள் ஒட்டிக்கொள்வதால் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘சூ காசா’ என்றால் அவன் வீடு, அவள் வீடு, அவர்கள் வீடு, உங்கள் வீடு, நாலும் ஆகும். அந்த மொழிக்காரர்களும் நம்மைப் போலவே பென்சிலோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனி உறவு. பதினோரு வருஷத்துக்கு முன்னால், குடும்பத்தில் அடி வாங்கிய பெண்களின் வாக்குமூலங்களை ஒரு அமைப்புக்காக மொழிபெயர்த்தேன். ஒரு பெண் "மாமா அடிச்சாரு" என்றிருந்தார். "மை அங்கிள் ஹிட் மீ" என்று எழுதிவிட்டுப் போய்த் தூங்கினேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் பேட்டியை இன்னொரு தடவை கேட்டபோது, "மாமா வேலைக்குப் போயிட்டு வந்து பிள்ளையத் தூக்குவாரு" என்று வருகிறது. அடித்தவர் அவர் புருஷன்! நம் பக்கத்தில் புருஷனையும் மாமா என்பார்கள், மாமனாரையும் மாமா என்பார்கள், தாய்மாமனும் மாமா, அத்தை புருஷனும் மாமா, அக்கா புருஷனும் மாமா, பஸ்ஸில் சில்லறை இல்லாத பெரியவரும் மாமா. வழக்கு என்று போனால் அடித்தது கணவனா, தாய்மாமனா என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும். நல்லவேளை, அந்தக் காகிதம் இன்னும் வெளியே போகவில்லை. அன்றிலிருந்து ‘அங்கிள்’ என்ற சொல்லை நான் எழுதுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறேன்.

உறவுமுறை வந்தால் ஒரே கேள்வி கேள்: "உங்களுக்கு எந்த வழியில?" எந்த ஊரிலும் எந்தப் பெரியவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷமாக மூன்று தலைமுறை சொல்வார். அண்ணன் என்றால் "கூடப் பொறந்தவரா, பெரியப்பா பையனா?" என்று கேள். பெரியப்பா பையன் என்றால் இங்கிலீஷில் ‘கசின்’. ‘கசின் பிரதர்’ என்று எழுதாதே. அது இங்கே எல்லாருக்கும் புரியும், லண்டனில் படிக்கிறவர் ஒரு நொடி நிற்பார்.

அப்புறம் இந்த ‘எங்க’. நாம் வீட்டையும் அம்மாவையும் ஒற்றை ஆளாகச் சொந்தம் கொண்டாடுவதில்லை. "எங்க அம்மா", "எங்க வீடு" என்றுதான் சொல்வோம். அதை ‘அவர் மதர்’ என்று மாற்றினால், கூடவே அக்கா தங்கச்சி யாரோ நிற்கிறார்கள் என்று நினைப்பார்கள். ‘மை மதர்’தான். போன மாதம் நீ அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் ‘அவர் ஹஸ்பண்ட்’ என்று ஒன்று இருந்தது. நான் சிரித்த சிரிப்பில் உன் மாமா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். (இந்த ‘மாமா’ யார் என்று இப்போது நீ சரியாகச் சொல்லிவிட்டால் தேறிவிட்டாய்.)

‘வீட்டுக்காரர்’ இன்னும் மோசம். "வீட்டுக்காரரு சத்தம் போட்டாரு." வாடகை பாக்கி என்று அடுத்து வந்தால் வீட்டுச் சொந்தக்காரர். சோற்றில் உப்பு என்று வந்தால் புருஷன். இரண்டிலும் ‘சத்தம் போட்டார்’ என்பதை ‘மேட் எ நாய்ஸ்’ என்று எழுதாதே. பாத்திரத்தை உருட்டினார் என்று ஆகிவிடும். மதுரை, தேனிப் பக்கம் சத்தம் போடுவது என்றால் திட்டுவது. ‘ஹீ டோல்ட் மீ ஆஃப்’, அல்லது சாதாரணமாக ‘ஹீ ஷவுட்டட் அட் மீ’. "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று ஒரு ஆண் சொன்னால், வீடு பதில் சொல்லாது, பெண்டாட்டிதான் சொல்லுவார்.

அடுத்ததை எல்லாரும் படிக்க வேண்டும், மொழிபெயர்ப்பு வேலை செய்யாதவர்களும். நம் வீட்டுப் படித்த பிள்ளைகள் சம்பளம் இல்லாமல் மொழிபெயர்க்கும் இடம் ஆஸ்பத்திரிதான். க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று வை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. வேறு மாநிலப் பிள்ளைகளும் வந்து படிக்கிறார்கள், வார்டில் நிற்கிறார்கள். ஆசையாகத் தமிழ் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் முதல் வருஷமே "நெஞ்சு கரிக்குது" புரிந்துவிடாது. நீ இடையில் நின்றுதான் ஆக வேண்டும்.

‘கால் வலி’ என்றால் தமிழில் இடுப்புக்குக் கீழே கட்டை விரல் வரை எங்கும் இருக்கலாம். இங்கிலீஷில் ‘லெக்’ வேறு, ‘ஃபுட்’ வேறு. கையும் அப்படித்தான், ‘ஆர்ம்’ ஒன்று, ‘ஹேண்ட்’ ஒன்று. வாயால் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் அம்மாவை விரலால் தொட்டுக் காட்டச் சொல். அதைவிட நல்ல அகராதி இல்லை.

‘மயக்கம்’ இரண்டு விதம். "மயக்கமா வருது" என்றால் தலை சுற்றுகிறது, ‘டிஸி’. "மயக்கம் போட்டுட்டாரு" என்றால் நினைவு தப்பி விழுந்திருக்கிறார், ‘ஃபெயிண்டட்’. டாக்டர் அடுத்துச் செய்வது இரண்டுக்கும் வேறு வேறு. நெஞ்சு கரிப்பது பெரும்பாலும் ‘ஹார்ட்பர்ன்’, நெஞ்சு அடைப்பது ‘டைட்னஸ்’. ஆனால் நீயாக முடிவு கட்டாமல், எந்த இடம், எப்போது, நடந்தால் கூடுகிறதா என்று அவர் சொல்வதையும் சேர்த்துச் சொல். ‘சளி’ என்றால் மூக்கு ஒழுகுவதா, நெஞ்சில் கட்டியிருப்பதா என்று கேட்டுவிடு.

"முழுகாம இருக்கா" என்று அப்பத்தா சொன்னால் அந்தப் பெண் குளிக்காமல் இருக்கிறாள் என்று எழுதிவைக்காதே. கர்ப்பம். பேட்டியில் வந்தால் ‘ஷீ இஸ் எக்ஸ்பெக்டிங்’ என்று எழுது. மறைத்துச் சொன்னதை அதே பதத்தில் இங்கிலீஷிலும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ‘பிரக்னண்ட்’ என்று பச்சையாகச் சொல், அங்கே கூச்சத்துக்கு இடமில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கர்ப்பிணியிடம் "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?" என்று கேட்பார்கள். பிரசவ நாளை டாக்டர்கள் கணக்கிடுவது கடைசி மாதவிடாய் ஆரம்பித்த முதல் நாளிலிருந்து 280 நாள். சில வீட்டில் முதல் நாளே தலைக்கு ஊற்றுவார்கள், சில வீட்டில் மூன்றாம் நாள்தான். குளித்த தேதியை ஆரம்பித்த தேதி என்று நீ மொழிபெயர்த்தால் கணக்கு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். "குளிச்ச நாளா, பட்ட நாளா?" என்று காதோடு கேட்டுவிடு.

கண் ஆஸ்பத்திரியில் ‘தெரியல’. அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையில் 1976-ல் ஆரம்பித்தது, தேனிக்கு 1985-ல் வந்தது. அதற்குப் பிறகு நம் ஊர்க் கிழவர்கள் எத்தனை பேர் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து "தெரியல" என்றிருப்பார்கள்! எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லையா, இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியவில்லையா? இது இரண்டும் சேர்ந்து குழம்பாமல் இருக்கத்தான் படிக்காதவர்களுக்கு எழுத்துக்குப் பதிலாக, ‘ஈ’ வடிவத்தை நாலு பக்கமும் திருப்பிப் போட்ட பலகை வைக்கிறார்கள். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையைக் காட்டினால் போதும். நீ மொழிபெயர்க்கும்போது ‘ஐ டோண்ட் நோ’வா ‘ஐ காண்ட் சீ இட்’டா என்று பார்த்துக்கொள்.

க.விலக்கு என்றதும் இன்னொன்று. ‘விலக்கு’ என்பது நம் பக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் இடம். பஸ் ஸ்டாப்புக்கே அந்தப் பெயர்தான். இங்கிலீஷில் ‘டர்ன்ஆஃப்’. ‘வீட்டு விலக்கு’ என்றால் மாதவிடாய். ‘மதுவிலக்கு’ என்றால் சாராயத்துக்குத் தடை. ‘வரிவிலக்கு’ என்றால் வரி கட்ட வேண்டாம். நான் சென்னையில் இருந்தபோது, கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி "விலக்குல இறங்கினேன்" என்ற வரியை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். பாவம், ஊர்ப் பெயரில் பாதி விலக்காக இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும். கணவாயும் அப்படியே. ஆண்டிபட்டிக் கணவாய் மலைவழி, கடற்கரை ஓட்டலில் கணவாய் வறுவல் வேறு சமாச்சாரம்.

ஊர்ச் செய்திகள் மொழிபெயர்க்க வந்தால் தண்ணீரும் அரசியலும் இல்லாமல் இருக்காது.

"வைகை அணையைத் திறந்துட்டாங்க." ‘தே ஓப்பன்ட் த டேம்’ என்றால் திறப்பு விழா. அது 1959-லேயே முடிந்துவிட்டது, காமராஜர் முதல்வராக இருந்தபோது. இப்போது திறப்பது மதகை. ‘வாட்டர் ஹேஸ் பீன் ரிலீஸ்ட் ஃப்ரம் த டேம்’. "அணை 69 அடி" என்று பேப்பரில் வந்தால் அணையின் உயரம் இல்லை, நீர்மட்டம். முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை கொடுத்து, 69-ல் மூன்றாவது எச்சரிக்கை கொடுத்துவிடுவார்கள். ‘த டேம் இஸ் 69 ஃபீட்’ என்று எழுதினால் அந்தப் பதற்றம் முழுக்கக் காணாமல் போகும். ‘வாட்டர் லெவல்’ என்ற இரண்டு சொல்லைச் சேர்.

வீட்டுத் தண்ணீர் வேறு. "தண்ணி வந்துருச்சு" என்றால் குழாயில் வந்துவிட்டது, ‘த வாட்டர்ஸ் ஆன்’. "தண்ணி அடிக்கிறாரு" என்று வந்தால் அடிபம்பைத் தேடு. பம்பு இல்லையென்றால் டாஸ்மாக்கைத் தேடு.

"எம்.ஜி.ஆர். இங்க படுத்துக்கிட்டே ஜெயிச்சாரு" என்று நம் ஊரில் டீக்கடைக்கு ஒருவர் சொல்வார். 1984 டிசம்பர் தேர்தலில் அவர் நியூயார்க்கில், புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபடி ஆண்டிபட்டியில் ஜெயித்தார். ‘வன் லையிங் டவுன்’ என்று அப்படியே எழுதினால் அது இங்கிலீஷே இல்லை. போதாததற்கு, ‘டேக் இட் லையிங் டவுன்’ என்று அங்கே ஒரு வழக்கு உண்டு, எதிர்க்காமல் பணிந்து போவது என்று அர்த்தம். எம்.ஜி.ஆரைப் பணியவைத்தால் நீ ஊருக்குள் நடமாட முடியாது. ‘வன் ஃப்ரம் ஹிஸ் ஹாஸ்பிடல் பெட்’ என்று எழுது. "2002-ல ஜெயலலிதா இங்க நின்னாங்க" என்றால் இடைத்தேர்தலில் போட்டியிட்டார். ‘ஷீ ஸ்டுட் ஹியர்’ என்று மட்டும் எழுதினால் பஸ்ஸுக்கு நின்ற மாதிரி இருக்கும். ‘ஷீ கண்டெஸ்டட் ஃப்ரம் ஹியர்’.

ரயில்: 2010 கடைசியில் மீட்டர்கேஜ் வண்டி நின்றுபோய், 2022 மே மாதம் மதுரை–தேனி அகலப்பாதையில் மறுபடி ஓட ஆரம்பித்தது. "ரயில் விட்டுட்டாங்க" என்று ஊரே கொண்டாடியது. "ரயில விட்டுட்டேன்" என்றால் கொண்டாட ஒன்றுமில்லை, ‘ஐ மிஸ்ட் இட்’. அந்த ‘அ’ ஒன்றில் தொங்குகிறது எல்லாம். காதைத் தீட்டி வைத்துக்கொள்.

பெரிய ஆபத்து இல்லாத, ஆனால் தினமும் வருகிற சில்லறைச் சொற்களுக்கு வருகிறேன். இவற்றுக்கு அர்த்தம் தேடாதே. அந்தச் சொல் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார். "வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினால் ‘பை’, ‘சீ யூ’. போகிறேன் என்று சொன்னால் அபசகுனம் என்பதால் வருகிறேன் என்கிறோம். அந்த விளக்கத்தை எல்லாம் வாக்கியத்தில் திணிக்காதே. "பாத்துப் போ" என்றால் ‘டேக் கேர்’. "சாப்டாச்சா?" என்பதைப் பந்தியில் கேட்டால் நிஜமாகவே கேட்கிறார்கள், தெருவில் கேட்டால் நலம் விசாரிக்கிறார்கள். நான் பேட்டிகளில் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்றே விட்டுவிடுகிறேன். அதை ‘ஹவ் ஆர் யூ’ ஆக்கினால் நம் ஊர் வாசனை போய்விடுகிறது. இதில் எனக்கும் எடிட்டர்களுக்கும் சண்டை உண்டு, நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"டீ குடிக்கிறீங்களா?" "இருக்கட்டும்." இது ‘லெட் இட் பி’ இல்லை. ‘நோ, ஐம் ஃபைன், தேங்க்ஸ்’. ஆட்டோக்காரர் மீதியை நீட்டும்போது சொன்னால் ‘கீப் இட்’. சேலையைத் திருப்பிக் கொடுக்க வந்தவளிடம் சொன்னால் ‘ஹேங் ஆன் டு இட்’. ஒரே சொல், மூன்று வேலை.

‘சும்மா’வுக்கு ஒரு நாள் முழுக்க உட்காரலாம். "சும்மா வந்தேன்" என்றால் காரணம் ஒன்றுமில்லை. "சும்மா இரு" என்றால் அடங்கு. "சும்மா குடுத்தாங்க" என்றால் காசு வாங்கவில்லை. "சும்மா சொன்னேன்" என்றால் விளையாட்டு. "சும்மா இருக்கான்" என்றால் வேலை இல்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-லிருந்து இருக்கிறது, தமிழ் விளக்கத்தோடு இங்கிலீஷும் கொடுத்திருப்பார்கள், உதாரண வாக்கியமும் உண்டு. 2020-ல் விரிந்த பதிப்பு வந்தது. வாங்கி வை. விலை அதிகம் என்று முகம் சுளிக்காதே, தீபாவளிச் சேலையில் நான் கழித்துக்கொள்கிறேன். ஆனால் ‘வெள்ளன’, ‘பைய’, ‘அங்கிட்டு’, ‘அம்புட்டுத்தான்’ மாதிரி நம் பக்கத்துச் சொற்களுக்கு, யார் எந்தச் சமயத்தில் சொன்னார்கள் என்ற குறிப்போடு நீயே ஒரு நோட்டு போட்டு எழுதிக்கொண்டே வா. என் நோட்டில் இப்போது இருநூறு பக்கம் தாண்டிவிட்டது.

வாலில் ஒட்டிவருகிற ‘ஆம்’ ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதே. "பணம் குடுத்தாராம்." சொல்கிறவர் பார்க்கவில்லை, கேள்விப்பட்டிருக்கிறார். ‘ஹீ கேவ் த மணி’ என்று எழுதினால் அவரை நீ சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டாய். ‘அப்பேரண்ட்லி’ அல்லது ‘ஐ ஹியர்ட் தட்’ போடு. கூலி பாக்கி, நில விவகாரம், மனு என்றால் இந்த ஒரு எழுத்துக்காக நான் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். கூலி வாங்கினாரா, வாங்கினாராமா என்பதில் ஒரு குடும்பத்தின் மாசம் இருக்கிறது.

மங்கலாகப் பேசினது எல்லாவற்றையும் நீ தெளிவாக்க வேண்டும் என்று அவசியமும் இல்லை. சிலர் வேண்டுமென்றே மங்கலாகப் பேசுவார்கள். "பாக்கலாம்" என்று கடைக்காரர் நெசவாளரிடம் சொன்னால், பத்தில் ஒன்பது தடவை அது இல்லை என்பதன் மரியாதை. ஆனால் இல்லை என்று அவர் வாயால் சொல்லவில்லை. நீ ‘ஹீ ரெஃப்யூஸ்ட்’ என்று எழுத உனக்கு உரிமை கிடையாது. ‘வீல் சீ’ என்று போட்டுவிடு. இங்கிலீஷ்காரனும் இல்லை என்று சொல்ல அதையே சொல்கிறான், புரிந்துகொள்வான். பஸ் ஸ்டாண்டில் "இந்தா கிளம்பிரும்" என்கிறாரே கண்டக்டர், அது ஒரு நிமிஷமா, அரை மணியா என்று அவருக்கே தெரியாது. மெக்சிகோவில் ‘அஓரிட்டா’ என்று ஒரு சொல் உண்டாம். அகராதிப்படி இப்பவே, நடப்பில் இப்பவும் இருக்கலாம், சாயங்காலமும் இருக்கலாம். ‘எனி மினிட் நவ்’ என்று எழுது. அதுவும் அதே மாதிரி பொய் சொல்லும்.

கடைசியாக, எழுதி முடித்ததும் தமிழை மூடி வைத்துவிட்டு இங்கிலீஷை மட்டும் சத்தமாக, அதாவது உரக்க, வாசித்துப் பார். எந்த இடத்தில் உன் நாக்கு ஆண்டிபட்டிக்குத் திரும்புகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடு. ‘ஐ ஒன்லி டோல்ட்’ என்று இருந்தால் அது ‘நான்தான் சொன்னேன்’ ஒளிந்துகொண்டிருக்கும் இடம். ‘ஐம் த ஒன் ஹூ டோல்ட் ஹிம்’ என்று மாற்று. ‘டீ கீ’ என்பதை ‘டீ ஆர் சம்திங்’ என்று விட்டால் போதும், ‘கீ’க்கு அர்த்தம் தேடி என்னைக் கூப்பிடாதே.

உன் பேட்டியில் இன்னும் ஒரு கேள்விக்குறி பாக்கி இருக்கிறது. நாற்பதாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில் அந்தத் தறிக்காரர் "அவங்க தவறிட்டாங்க" என்கிறார். செத்துப்போனாரா, தவணை கட்டத் தவறினார்களா? நானும் மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. நாளைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவர் தறியை விட்டு இறங்கியதும் போன் போட்டு, பதமாக நீயே கேட்டுவிடு. கேட்டதும் எனக்கும் சொல்.